நள்ளிரவில் வேர்க்கிறது, காலையில் சுகர் 280: இரவு ஊசியைக் கூட்டலாமா?

கேள்வி: அம்மாவுக்கு வயசு 67. பதினஞ்சு வருஷமா சுகர். காலையில 20, ராத்திரி 12 யூனிட் 30/70 இன்சுலின் போடுதோம். கூடவே கிளிமிபிரைடு, வோக்லிபோஸ், பிரஷருக்கு மெட்டோப்ரோலால். போன மாசம் கிரியாட்டினின் 1.9-னு வந்துச்சு. இப்போ கொஞ்ச நாளா ராத்திரி ரெண்டு, மூணு மணிக்குச் சேலை நனையுற அளவுக்கு வேர்த்து, சம்பந்தமில்லாமப் பேசுதாங்க. அல்வா குடுத்தா ரொம்ப நேரம் கழிச்சுத்தான் தெளியுது. காலையில பார்த்தா சுகர் 280. ராத்திரி ஊசியைக் கூட்டணும்னு மருந்துக்கடையில சொல்லுதாங்க. கூட்டலாமா? (சேரன்மகாதேவி வாசகர்)

பதில்: கூட்டாதீர்கள். நீங்கள் எழுதியிருப்பதெல்லாம் இரவில் சுகர் தாழ்ந்துபோவதன் அடையாளங்கள். அந்த 280-ஐ மட்டும் பார்த்து மருந்தைக் கூட்டினால் இரவில் இன்னும் ஆழமாக இறங்கும். சுகர் இறங்கும்போது உடம்பு தானே அட்ரினலின் போன்ற ஹார்மோன்களைச் சுரந்து, கல்லீரலில் இருக்கும் சர்க்கரையை ரத்தத்துக்குள் தள்ளும். அதற்கு மேல் அல்வாவும் சேர்ந்தால் காலை அளவு ஏறத்தான் செய்யும்.

இரண்டு மணி, மூன்று மணி என்று நேரம் பார்த்து வருவதற்குக் காரணம் இருக்கிறது. 30/70 என்பது இரண்டு இன்சுலின்களின் கலவை. அதில் 30 சதவீதம் அரை மணியில் வேலையைத் தொடங்கிச் சில மணி நேரத்தில் ஓயும். மீதி 70 சதவீதம் மெதுவானது. போட்ட நாலாவது மணியிலிருந்து பத்தாவது மணிக்குள் உச்சத்துக்குப் போகும். இரவு ஏழரைக்கு ஊசி என்றால் உச்சம் பதினொன்றரையிலிருந்து விடியற்காலைக்குள் விழுகிறது. அந்த நேரத்தில் வயிறு காலி.

முன்பு ஒத்துக்கொண்ட அதே 12 யூனிட் இப்போது ஏன் அதிகமாகிறது? சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனையான கிரியாட்டினினைப் பாருங்கள். ஊசியில் போகும் இன்சுலினில் கணிசமான பங்கை வெளியேற்றுவது சிறுநீரகம். 67 வயதுப் பெண்ணுக்கு 1.9 என்றால் சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் 30-க்கும் சற்றுக் கீழே என்று கணக்கு வருகிறது. ஆகவே இன்சுலின் உடம்பில் கூடுதல் நேரம் தங்குகிறது. சுகரைக் குறைக்கும் மாத்திரையான கிளிமிபிரைடும் அப்படித்தான் தேங்கும். அது தேங்கினால் ஒருமுறை தெளிந்த பிறகும் சுகர் மறுபடி இறங்கலாம். ஒரு நாள் முழுக்கக் கண்காணிக்க வேண்டியிருக்கும். ஊசியை விட இந்த மாத்திரைதான் எனக்கு அதிகக் கவலை தருகிறது. அடுத்த மாதத் தேதி வரை காத்திருக்காமல் நாளைக்கே மருத்துவரைப் பாருங்கள். காரணம் தெரியாமல் சுகர் தாழ்ந்தால் வழக்கமாக அந்த நேர இன்சுலினை 10 முதல் 20 சதவீதம் குறைப்பார்கள், மாத்திரையை நிறுத்தவும் செய்யலாம். ஆனால் அதை அவர் சொல்லட்டும். நீங்களாக ஊசியை அடியோடு நிறுத்திவிடாதீர்கள்.

இனி அல்வா. நெய் வயிற்றிலிருந்து உணவு இறங்குவதைத் தாமதப்படுத்தும், இது ஒன்று. பெரிய காரணம் வோக்லிபோஸ். வெறும் சர்க்கரையும் கருப்பட்டியும் குடலில் உடைந்தால்தான் குளுக்கோஸாக ரத்தத்தில் ஏறும். அந்த உடைப்பைத் தடுப்பதே வோக்லிபோஸின் வேலை. அதனால் அல்வா, கருப்பட்டிக் காப்பி, சீனித் தண்ணீர் எதுவும் இவருக்கு அவசரத்தில் கைகொடுக்காது. மருந்துக்கடையில் குளுக்கோஸ் பவுடர் வாங்கிக் கட்டில் பக்கத்திலேயே வையுங்கள். தலை தட்டிய டீஸ்பூனில் மூன்று, நான்கு, அதாவது சுமார் 15 கிராம், அரை டம்ளர் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். 15 நிமிடம் கழித்து மீட்டரில் பாருங்கள். 70-க்குக் கீழே இருந்தால் இன்னொரு முறை. ஏறிய பிறகு இரண்டு இட்லியோ, பாலும் பிஸ்கட்டுமோ கொடுக்கலாம். இல்லாவிட்டால் மறுபடி இறங்கும்.

நினைவு தப்பியிருந்தால் வாயில் எதுவும் ஊற்றக் கூடாது, கன்னத்துக்குள் சீனியைத் தேய்க்கவும் கூடாது, மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். ஒருக்களித்துப் படுக்க வைத்து 108-ஐ அழையுங்கள். ரத்தக்குழாய் வழியாக டெக்ஸ்ட்ரோஸ் (குளுக்கோஸ்) ஏற்றினால் தெளிந்துவிடும். தெளிந்தாலும் கிளிமிபிரைடு எடுப்பவரை உடனே வீட்டுக்குக் கூட்டிவரக் கேட்காதீர்கள். ஹைகிரவுண்ட் பெரியாஸ்பத்திரியில் ஒரு நாள் படுக்கச் சொன்னால் படுக்கட்டும்.

மெட்டோப்ரோலால் பற்றியும் தெரிந்துகொள்ளுங்கள். சுகர் தாழும்போது வரும் கைநடுக்கத்தையும் நெஞ்சுப் படபடப்பையும் அது மறைத்துவிடும். வேர்வையை மறைக்காது. அம்மாவுக்கு எச்சரிக்கை மணி அந்த வேர்வை ஒன்றுதான். அக்னி நட்சத்திரத்தில் கரண்ட் போனால் எல்லோருக்கும் வேர்க்கும். இது குளிர்ந்து பிசுபிசுப்பாக இருக்கும், பேச்சும் குழறும். திருநீறு பூசுவது உங்கள் விருப்பம், ஆனால் முதலில் விரலைக் குத்திச் சுகரைப் பாருங்கள்.

போடும் முறையையும் ஒருமுறை சரிபாருங்கள். அரசு மருத்துவமனையில் தரும் குப்பி பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட். அதற்குச் சிவப்பு மூடி சிரிஞ்சு. ஆரஞ்சு மூடி சிரிஞ்சு 100 யூனிட் மருந்துக்கானது. 40 யூனிட் மருந்தை ஆரஞ்சு சிரிஞ்சில் 12 கோடு வரை எடுத்தால் 4.8 யூனிட்தான் போகும். மாற்றி, 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் 12 கோடு வரை எடுத்தால் 30 யூனிட் போய்விடும். ஒவ்வொரு முறை வாங்கும்போதும் குப்பி மேல் இருக்கும் எண்ணைப் படியுங்கள்.

கலவை இன்சுலின் அடியில் படியும். உள்ளங்கைகளுக்கிடையே பத்து முறை உருட்டி, பத்து முறை தலைகீழாகச் சாய்த்துப் பால் போல ஆன பிறகே எடுக்க வேண்டும். குலுக்க வேண்டாம், நுரை வரும். கலக்காமல் எடுத்தால் இன்றைக்கு ஒரு விகிதம், நாளைக்கு வேறொரு விகிதம் போகும். போட்ட அரை மணிக்குள் சாப்பாடு. ஏழு மணிக்கு ஊசி போட்டுவிட்டு, சீரியல் முடிந்து ஒன்பதுக்குத் தட்டு வைக்கிற பழக்கம் இருந்தால் அதை மாற்றுங்கள். தொப்புளிலிருந்து இரண்டு அங்குலம் தள்ளி, தினமும் ஒரு விரல் அகலம் இடம் மாற்றிப் போடுங்கள். ஒரே இடத்தில் குத்திக் கெட்டியான வீக்கம் இருந்தால் அங்கே குத்தாதீர்கள். ஆனால் அங்கிருந்து நல்ல தோலுக்கு மாறும்போது அதே அளவு பலமாக வேலை செய்யும் என்பதால் மருத்துவரிடம் சொல்லிவிட்டு மாற்றுங்கள்.

மருத்துவரிடம் போகும் வரை படுக்கும் முன்பும் இரவு மூன்று மணிக்கும் சுகர் பார்த்து எழுதிவையுங்கள். படுக்கும்போது 100-க்குக் கீழே இருந்தால் பாலும் இரண்டு பிஸ்கட்டும் கொடுங்கள். கந்த சஷ்டி விரதம் எல்லாம் மருத்துவர் அளவை மாற்றிய பிறகு அவரைக் கேட்டுத்தான்.

மில்லிக்கு 40 யூனிட் மருந்தென்றால் ஒரு 10 மில்லி குப்பியில் 400 யூனிட். தினம் 32 யூனிட் போட்டால் பன்னிரண்டு நாளில் தீரும். திறந்த குப்பியை நாலு வாரத்துக்கு மேல் வைத்தால் கெட்டுப்போகும், ஆனால் அதற்கு முன்பே தீர்ந்துவிடுவதால் அந்தப் பயமில்லை. திறக்காததை ஃப்ரிட்ஜில், ஃப்ரீசரை ஒட்டாமல் வையுங்கள். உறைந்தால் தூக்கிப்போட வேண்டியதுதான். ஃப்ரிட்ஜ் இல்லையென்றால் மண்பானைக்குள் ஈர மணல் பரப்பி, இறுக மூடிய டப்பாவில் குப்பியைப் போட்டு மணலில் பதித்து, நிழலான மூலையில் வையுங்கள். மணல் காயக் காயத் தண்ணீர் தெளிக்க வேண்டும். கலக்கிய பிறகும் திட்டுத்திட்டாக மிதந்தாலோ, கண்ணாடியில் ஒட்டினாலோ அந்தக் குப்பி வேண்டாம்.