கொட்டப்போகும் உணவை உண்ணலாமா?

கேள்வி: நான் இரவுக் காவல் பணியில் இருக்கிறேன். பணியிடத்தில் கூட்டம் நடக்கும் நாட்களில் இலவசமாக வழங்கப்படும் உணவுப் பொட்டலங்களில் பல, எவரும் தொடாமலேயே மிஞ்சி, குப்பைக்குப் போவதற்காக ஓரமாக அடுக்கி வைக்கப்படுகின்றன. மனம் கேளாமல் ஒன்றிரண்டை எடுத்து உண்டு வருகிறேன். சில நாட்களில் வயிறு உப்புசமாக இருக்கிறதே தவிர, பெரிய உபாதை ஏதும் வந்ததில்லை. வாடை வராவிட்டால் உண்ணலாம், சூடுபடுத்தினால் போதும், பழகிய வயிறு எதையும் செரித்துவிடும் என்கிறார் உடன் பணிபுரிபவர். இது சரியா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: உங்கள் கடிதத்தில் முக்கியமான ஒரு விவரம் விடுபட்டிருக்கிறது. அந்தப் பொட்டலங்கள் எத்தனை மணிக்குக் கட்டப்பட்டவை, நீங்கள் பிரிக்கும்போது மணி என்ன? ஒதுக்கி வைத்தார்கள் என்பதனாலேயே உணவு கெட்டுவிடாது. வீணாகப் போவதை எடுத்து உண்பதில் கூச்சப்படவும் ஒன்றுமில்லை. கெடுப்பது காத்திருந்த நேரமும் அந்த நேரத்தில் இருந்த வெப்பமும்தான்.

5 டிகிரி செல்சியசுக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட வெப்பத்தில் கிருமிகள் பெருகுகின்றன. ஏற்ற சூழலில் சில வகைகள் 20 நிமிடங்களுக்கு ஒருமுறை இரட்டிப்பாகும். அந்தக் கணக்கில் ஒரே ஒரு கிருமி 4 மணி நேரத்தில் 4,096 ஆகிவிடும். அதனால்தான் சமைத்த உணவு அறை வெப்பத்தில் 2 மணி நேரத்துக்கு மேலும், 32 டிகிரியைத் தாண்டும் வெக்கையில் 1 மணி நேரத்துக்கு மேலும் இருக்கக் கூடாது என்கிறார்கள். பொட்டலத்தைப் பிரிக்கும்போது மூடியின் உட்புறத்தில் நீர் கோத்திருப்பதையும், ஓரம் ஆறிப்போன பிறகும் நடுப்பகுதி வெதுவெதுப்பாக இருப்பதையும் நீங்களே பார்த்திருப்பீர்கள். ‘இன்னும் சூடு ஆறவில்லை’ என்று நாம் ஆறுதல் கொள்ளும் அந்த வெதுவெதுப்புதான் கிருமிகளுக்கு மிகவும் உகந்தது.

வாடையை நம்பவே வேண்டாம். உணவை ஊசச் செய்யும் நுண்ணுயிர்கள் வேறு, நோய் தருபவை பெரும்பாலும் வேறு. பின்னவை மணத்தையும் சுவையையும் மாற்றாமலேயே பெருகக்கூடியவை.

நண்பர் சொல்வனவற்றுள் என்னை அதிகம் கவலைக்குள்ளாக்குவது சூடுபடுத்தினால் போதும் என்பதுதான். உட்பகுதி வரை 74 டிகிரிக்குச் சூடேற்றினால் உயிரோடு இருக்கும் கிருமிகள் பெரும்பாலும் மடிந்துவிடும் என்பது உண்மையே. ஆனால் பரிமாறுபவரின் கையிலிருந்தோ மூக்கிலிருந்தோ உணவில் சேரும் ஸ்டெஃபிலோகாக்கஸ் என்னும் கிருமி, தான் மடிவதற்கு முன்பே நஞ்சைச் சுரந்து வைத்துவிடுகிறது. அந்த நஞ்சு கொதிக்க வைத்தாலும் எளிதில் அழியாது. பேசில்லஸ் சீரியஸ் என்னும் கிருமியின் உறங்குநிலை வித்துகளோ சமையலின் சூட்டையே தாங்கி, சோறு போன்ற மாவுப்பொருள் மெல்ல ஆறும்போது முளைத்தெழுகின்றன. அது உண்டாக்கும் வாந்தி நஞ்சு 121 டிகிரியில் 90 நிமிடம் வைத்தாலும் செயலிழப்பதில்லை. இந்த இரண்டு நஞ்சுகளாலும் உண்ட சில மணி நேரத்துக்குள்ளாகவே குமட்டலும் வாந்தியும் தொடங்கிவிடும்.

வயிற்று அமிலம் பல கிருமிகளைக் கொல்கிறது என்பதில் ஐயமில்லை. ஆயினும் இந்த நஞ்சுகளிடம் அது தோற்றுவிடுகிறது. அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை உட்கொள்பவர்களுக்கோ கிருமிகளுக்கு எதிரான அந்தக் காவலும் தளர்ந்துவிடுகிறது. எந்த வயிறும் நஞ்சுக்குப் பழகிக்கொள்வதில்லை. இதுவரை ஒன்றும் நேரவில்லை என்றால், நீங்கள் உண்டவை தப்பிய பொட்டலங்கள் என்றுதான் பொருள்.

உப்புசம் வேறு காரணத்தாலும் இருக்கலாம். ஆறிய மாவுப்பொருளில் ஒரு பகுதி சிறுகுடலில் செரிக்காமல் பெருங்குடலுக்குச் சென்று, அங்கே நொதித்து வாயுவாகிறது. நள்ளிரவில், கொழுப்பு மிகுந்ததை அவசரமாக உண்டால் மந்தம் இன்னும் கூடும். அளவைக் குறைத்து, மென்று உண்டு பாருங்கள்.

குப்பைக்கு ஒதுக்கும் வரை காத்திராமல், பந்தி முடிந்ததுமே பொறுப்பாளரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பொட்டலம் கட்டியதிலிருந்து 2 மணி நேரத்துக்குள் உண்டுவிடுங்கள், அல்லது அதற்குள் குளிர்பெட்டியில் வைத்துவிடுங்கள். முழுப் பழங்கள், உறை பிரிக்காத உலர்தின்பண்டங்கள் ஆகியவற்றைப் பற்றி அவ்வளவு கவலை வேண்டாம். நேரம் தெரியாத பொட்டலத்தை மட்டும், எவ்வளவு நன்றாகத் தோன்றினாலும், விட்டுவிடுங்கள். வீட்டில் கர்ப்பிணியோ சிறு குழந்தையோ முதியவரோ இருந்தால் அவர்களுக்கு இதை எடுத்துச் செல்லவே வேண்டாம்.

வாந்தியோ வயிற்றுப்போக்கோ வந்தால், 1 லிட்டர் சுத்தமான நீரில் 6 தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் தலைதட்டி அளந்து கலந்து, சிறிது சிறிதாகப் பருகுங்கள். மலத்தில் இரத்தம், கடும் காய்ச்சல், குடித்த நீரும் தங்காத நிலை, சிறுநீர் வெகுவாகக் குறைதல், பார்வை மங்குதல் ஆகியவற்றுள் எது தோன்றினாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். எங்கிருந்து எடுத்து உண்டோம் என்பதைச் சொல்லக் கூசி மருத்துவரிடம் மறைத்துவிடாதீர்கள்; என்ன உண்டீர்கள், எத்தனை மணிக்கு உண்டீர்கள், உபாதை எத்தனை மணிக்குத் தொடங்கியது என்பதிலிருந்துதான் அவர் காரணத்தை ஊகிக்கத் தொடங்குவார்.