மூளையில் மடிப்புகள் உருவாகாத குழந்தை: ஒரு தாயின் கேள்விகளுக்கு மருத்துவர் பதில்

கேள்வி: என் மகனுக்கு ஏழு மாதம் முடிந்துவிட்டது. இன்னும் கழுத்து நிற்கவில்லை. எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்துவிட்டு ‘லிஸ்ஸென்செஃபலி’, அதாவது மூளையில் மடிப்புகள் உருவாகாத நோய், என்கிறார்கள். தூங்கி எழுந்ததும் கைகளை விரித்து விரித்துத் திடுக்கிடுகிறான். உரம் விழுந்திருக்கிறது என்கிறார் பாட்டி. ஐந்தாம் மாத ஸ்கேனில் குழந்தை நன்றாக இருப்பதாகத்தானே சொன்னார்கள்? என் கணவர் என் அத்தை மகன். சொந்தத்தில் கட்டியதால்தான் இப்படி என்று ஊரில் பேசுகிறார்கள். கிரகணத்தன்று நான் வெளியே போனதுதான் காரணம் என்கிறார் அத்தை. ஸ்டெம் செல் சிகிச்சையில் குணமாகுமா? அடுத்த குழந்தைக்கும் இது வருமா?

பதில்: முதலில் அந்தத் திடுக்கிடலைப் பற்றிப் பேசிவிடுகிறேன். உங்கள் கடிதத்தில் அவசரமானது அதுதான். தூங்கி எழுந்ததும் தலை முன்னால் கவிழ்ந்து, கைகள் இரண்டும் விரிந்து, ஓரிரு நொடிகளில் தளர்ந்துவிடும்; சில நொடி கழித்து மறுபடியும் அதேபோல் வரும்; இப்படி வரிசையாகப் பத்து, இருபது முறை வந்து நின்றால் அது பெரும்பாலும் ‘இன்ஃபன்டைல் ஸ்பாசம்’ என்ற வலிப்பு. நுரை தள்ளாது, நினைவு தப்பியதாகவும் தெரியாது. அதனால் வயிற்றுவலி, பயந்த கோளாறு, உரம் என்று வீட்டில் நாட்கள் போய்விடுகின்றன. லிஸ்ஸென்செஃபலி உள்ள குழந்தைகளில் ஏறத்தாழ பத்தில் எட்டுப் பேருக்கு இந்த வலிப்பு வருகிறது.

கைபேசியில் ஒரு முழு வரிசையையும் வீடியோ எடுத்துக்கொண்டு, இந்த வாரமே குழந்தைகள் நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள். தூக்கத்திலும் விழிப்பிலும் மூளையின் மின் அலைகளைப் பதிவுசெய்யும் ஈ.ஈ.ஜி. எடுக்கச் சொல்வார். ஏ.சி.டி.எச். என்ற ஹார்மோன் ஊசி, பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு, விகாபாட்ரின் என்ற வலிப்பு மருந்து ஆகியவைதான் இதற்கான முதன்மை மருந்துகள். முதல் இரண்டில் ஒன்றைக் கொடுக்கும் நாட்களில் இரத்த அழுத்தம், சர்க்கரை, தொற்று மூன்றையும் கவனிக்க வேண்டும்; உயிருள்ள கிருமித் தடுப்பூசிகளை மருத்துவர் தள்ளி வைப்பார். எந்த மருந்தையும் நீங்களாக நிறுத்தக் கூடாது. 1841-ல் வில்லியம் ஜேம்ஸ் வெஸ்ட் என்ற ஆங்கிலேய மருத்துவர் தம் சொந்த மகனிடம் கண்ட இதே வலிப்பை விவரித்து, யாருக்காவது வழி தெரியுமா என்று லான்செட் மருத்துவ இதழுக்கு எழுதினார். அவருக்குக் கிடைக்காத மருந்து உங்கள் மகனுக்கு இருக்கிறது. அதைத் தாமதப்படுத்தாதீர்கள். கழுத்து நிற்காத குழந்தையைத் துணியில் போட்டு உருட்டி உரம் எடுப்பதும் வேண்டாம்.

இரண்டாவது, பால் குடிப்பது. நீங்கள் எழுதவில்லை, ஆனாலும் கேட்கிறேன். குடிக்கும்போது இருமுகிறானா? குடித்து முடித்ததும் தொண்டையில் களகளவென்று சத்தம் வருகிறதா? அடிக்கடி சளி, காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறீர்களா? அப்படியென்றால் பால் நுரையீரலுக்குள் போகிறது. இந்தக் குழந்தைகளின் உயிரைப் பெரும்பாலும் பறிப்பது இப்படி வரும் நிமோனியாதான். படுக்கவைத்துப் பாலாடையில் ஊற்றுவதை இன்றே நிறுத்துங்கள். தலையும் முதுகும் ஒரே நேராக இருக்கும்படி நிமிர்த்தி மடியில் வைத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். ஒவ்வொரு வாயும் விழுங்கிவிட்டானா என்று பார்த்துவிட்டு அடுத்தது கொடுங்கள். கொடுத்த பிறகு அரைமணி நேரமாவது நிமிர்த்தியே வைத்திருங்கள். எடை ஏறவில்லை, இருமல் நிற்கவில்லை என்றால் வயிற்றில் துளையிட்டுக் குழாய் வைக்கச் சொல்வார்கள். அதைக் கேட்டதும் பெற்றோர் பயந்து மறுத்துவிடுகிறார்கள். என் கருத்தில், தேவைப்படும் குழந்தைக்கு அந்தக் குழாய் பெரிய நிம்மதி, உங்களுக்கும்தான்.

இனி நோய்க்கு வருகிறேன். கருவின் மூளையில் நரம்பணுக்கள் உட்பகுதியில் பிறந்து மேற்பரப்புக்கு நகர்ந்து போகின்றன. கட்டடத்துக்குக் கட்டிய சாரத்தைப் பிடித்து ஏறுவதுபோல், நீண்ட தாங்கு செல்களைப் பற்றிக்கொண்டு ஏறி, மேலே ஆறு அடுக்காக அமர்கின்றன. கர்ப்பத்தின் 12-ஆம் வாரம் முதல் 24-ஆம் வாரம் வரை இந்தப் பயணம் மும்முரமாக நடக்கும். லிஸ்ஸென்செஃபலியில் அவை பாதி வழியிலேயே நின்றுவிடுகின்றன. நோயின் வழக்கமான வடிவத்தில் ஆறுக்குப் பதில் நான்கு அடுக்குதான் அமைகிறது. மூன்று, நான்கு மில்லிமீட்டர் இருக்க வேண்டிய புறணி, அதாவது மூளையின் வெளிப்படலம், பத்து மில்லிமீட்டருக்கும் மேல் தடித்துப்போகிறது. மேலே மடிப்பு விழாமல் வழவழப்பாக நின்றுவிடுகிறது.

ஐந்தாம் மாத ஸ்கேனில் ஏன் தெரியவில்லை என்பதற்கும் பதில் இங்கேயே இருக்கிறது. அந்த மாதத்தில் எல்லாக் குழந்தைகளின் மூளையும் ஏறக்குறைய வழவழப்பாகத்தான் இருக்கும். மடிப்புகள் நன்றாகத் தெரிய ஏழாம் மாதமாவது ஆக வேண்டும். ஆகவே அன்று ஸ்கேன் பார்த்தவர் கவனக்குறைவாக இருந்தார் என்று சொல்லிவிட முடியாது.

கிரகணத்துக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. நீங்கள் சாப்பிட்டது, வேலை செய்தது, பயணம் போனது எதுவும் இதற்குக் காரணமில்லை. இதை உங்கள் அத்தையிடம் நான் சொன்னதாகவே சொல்லுங்கள்.

சொந்தத்தில் திருமணம் என்ற விஷயத்தில் மட்டும், பரிசோதனை செய்யாமல் ஆம் என்றோ இல்லை என்றோ சொல்ல மாட்டேன். இந்த நோய்க்குக் காரணமான மரபணுக்கள் பல. 1993-ல் கண்டறியப்பட்ட எல்.ஐ.எஸ்.1, 17-ஆம் குரோமோசோமில் இருக்கிறது. இதில் வரும் பிழை பெரும்பாலும் அந்தக் குழந்தையிடம் புதிதாக நேர்ந்ததாக இருக்கும். பெற்றோர் இருவரிடமும் இருக்காது. சொந்தமோ அந்நியமோ, யாரைக் கட்டியிருந்தாலும் வந்திருக்கும். அடுத்த பிள்ளைக்கு வரும் வாய்ப்பு மிகக் குறைவு, சுமார் ஒரு சதவீதம். ஆனால் அந்தக் குரோமோசோமில் ஒரு துண்டே விடுபட்டிருந்தால் பெற்றோர் இருவரின் குரோமோசோம்களையும் பார்த்தாக வேண்டும்.

டி.சி.எக்ஸ். என்ற மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. ஆண் குழந்தைகளுக்கு நோயைக் கடுமையாகத் தரும். தாய்க்கு லேசான வலிப்போ, படிப்பில் கொஞ்சம் சிரமமோ மட்டும் இருக்கலாம், ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம். சிறுவயதில் உங்களுக்கு வலிப்பு வந்ததுண்டா? இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். அந்தப் பிழை தாயிடம் இருந்தால் ஒவ்வொரு ஆண் குழந்தைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. ஆர்.இ.எல்.என். போன்ற சில மரபணுக்களில் மட்டும் பிழை தாய், தந்தை இருவரிடமிருந்தும் வந்தால்தான் நோய் வரும். உறவுத் திருமணம் உண்மையிலேயே கணக்கில் வருவது அங்கேதான். அப்போது ஒவ்வொரு கர்ப்பத்திலும் நாலில் ஒரு பங்கு ஆபத்து. கர்ப்பகாலத்தில் வரும் சைட்டோமெகலோ வைரஸ் தொற்றும் சில குழந்தைகளுக்குக் காரணமாகிறது.

எனவே மகனின் இரத்தத்தில், குரோமோசோமில் துண்டு விடுபட்டிருக்கிறதா என்று பார்க்கும் குரோமோசோம் மைக்ரோஅரே, மரபணுப் பரிசோதனை இரண்டையும் செய்துவிடுங்கள். ‘வைத்தியம் மாறப்போவதில்லையே, எதற்கு வீண்செலவு’ என்று சிலர் சொல்வார்கள். நான் அதை ஏற்கமாட்டேன். உங்கள் மற்றக் கேள்விகளுக்கெல்லாம் விடை அந்தக் காகிதத்தில்தான் இருக்கிறது.

ஸ்டெம் செல் சிகிச்சை வேண்டாம். இடம்மாறி நின்ற நரம்பணுக்களை அது நகர்த்தாது. இரத்தம் சார்ந்த சில நோய்களுக்குத் தவிர, ஆய்வுக்கு வெளியே கட்டணம் வாங்கிக்கொண்டு அதைச் செய்யக் கூடாது என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) 2017-ல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. நகையை அடகு வைத்து யாரிடமும் போகாதீர்கள்.

நோயை முழுமையாகக் குணப்படுத்த முடியாது. எம்.ஆர்.ஐ.யில் மூளை முழுவதும் வழவழப்பாக இருந்தால் மகன் தானாக உட்காரவோ பேசவோ வாய்ப்பு மிகக் குறைவு. பல குழந்தைகள் பெரியவர்களாகும் வரை இருப்பதில்லை. மடிப்புகள் ஓரளவு விழுந்திருந்தால் நிலைமை இதைவிட நன்றாக இருக்கும். இரண்டு நிலையிலும் வலிப்பைக் கட்டுப்படுத்தி, நுரையீரலைக் காத்து, உடல் இறுகிப்போகாமல் பிசியோதெரபி கொடுத்தால் அவன் வலியில்லாமல் இருப்பான். உங்கள் குரலுக்குத் திரும்புவான், சிரிக்கவும் செய்யலாம். மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையத்தில் பயிற்சி இலவசம். மாற்றுத்திறனாளிகளுக்கான யு.டி.ஐ.டி. அடையாள அட்டைக்கு இப்போதே விண்ணப்பியுங்கள். பராமரிப்பு உதவித்தொகைக்கும், ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை தரும் நிராமயா மருத்துவக் காப்பீட்டுக்கும் அது உதவும்.

மரபணு ரிசல்ட் வரும்வரை அடுத்த குழந்தையைத் தள்ளிப்போடுங்கள். காரணம் தெரிந்துவிட்டால், அடுத்த கர்ப்பத்தில் 11 முதல் 13 வாரத்துக்குள் நஞ்சுக்கொடித் திசுவிலோ, 16 வாரத்துக்குப் பிறகு பனிக்குட நீரிலோ அதே பிழை இருக்கிறதா என்று பார்த்துவிடலாம். ரிசல்ட் வாங்கப் போகும் நாளில் கணவரோடு அத்தையையும் அழைத்துப் போங்கள். நீங்கள் எத்தனை முறை எடுத்துச் சொன்னாலும் கேட்காதவர், மருத்துவர் நேரில் சொன்னால் கேட்பார்.