விமானப் பாதுகாப்பு மேலாண்மை என்பது பைலட் ஆக வசதியில்லாதவர்கள் படிக்கும் படிப்பா?

கேள்விக்குக் கீழே நீங்கள் கொடுத்திருக்கும் விவரத்தைப் படித்தேன். எஸ்.பி.எம். (மலேசியாவில் பள்ளி இறுதித் தேர்வு) முடித்தாயிற்று. விமான நிறுவனம், விமான நிலையம் இரண்டின் செயல்பாடுகளுக்கான பாதுகாப்பு மேலாண்மை டிப்ளோமாவுக்கு இடம் கிடைத்திருக்கிறது. உறவினர் ஒருவர் "பைலட்டுக்குப் படிக்கக் காசில்லாதவன் போய் ஒதுங்குகிற இடம் அது" என்று சொல்லிவிட்டார். சேரலாமா, வேண்டாமா?

சேருங்கள். பதில் அவ்வளவுதான். ஆனால் அந்த உறவினரை அப்படியே விட்டுவிட்டுப் போக மனம் வரவில்லை. எனக்கும் அப்படி ஒருவர் இருந்தார், தாய்மாமா. கோயில் திருவிழா அன்னதானப் பந்தியில் சாம்பார் வாளியைக் கையில் வைத்துக்கொண்டு, வரிசையில் உட்கார்ந்திருந்த அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி, "இவன் பிளேன் ஓட்டப் போறதில்லையாம், பிளேன் விழாம பார்த்துக்கப் போறானாம்" என்றார். பந்தியே சிரித்தது. இப்போது யோசித்தால், அந்தப் படிப்பைப் பற்றி அதைவிடச் சரியாக யாரும் சொன்னதில்லை.

நான் மலேசியாவில் பந்திங் பக்கத்துச் செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்டத்தில் பிறந்தவன். லயத்து வீடு, வேலைக்காக வரிசையில் நிற்கும் விடியற்காலைப் பெரட்டு, தண்டல் (கங்காணி) பெயர் கூப்பிடுவது எல்லாம் பார்த்து வளர்ந்த கடைசிக் கூட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அம்மாவுக்கு மருந்தடிக்கிற வேலை. முதுகில் பம்பு, கையில் ரப்பர் உறை. விரலிடுக்கில் உறை கிழிந்தால் அம்மா அதைத் தண்டலிடம் சொல்ல மாட்டார். உள்ளே ஒரு பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டு போய்விடுவார். அடித்தது பாராகுவாட் என்ற களைக்கொல்லி. மலேசியாவில் அது முழுசாகத் தடையானது 2020 ஜனவரியில்தான். அம்மாவின் கட்டைவிரல் நகம் கறுத்து, ஒருநாள் பாத்திரம் கழுவும்போது கழன்று வந்தது. "ஏன்மா சொல்லல?" என்று கேட்டால், "சொன்னா நாளைக்குப் பேர் போட மாட்டான்டா" என்பார்.

வகுப்பில் பிறகு நான் படித்த கனமான புத்தகங்கள் பலவும் இந்த ஒரு வரியைத்தான் சுற்றிச் சுற்றி வந்தன. இதைத் தோட்டத்துப் பிள்ளைக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

எஸ்.பி.எம்.முக்குப் பிறகு நேராகப் படிக்க வீட்டில் வழியில்லை. கோலாலம்பூர் விமான நிலையமான கே.எல்.ஐ.ஏ.வில் ஒரு தரைச்சேவைக் கம்பெனியில் பெட்டி ஏற்றும் வேலைக்குப் போனேன். செப்பாங்கில் செம்பனை நின்ற நிலத்தில் 1998-ல் திறந்த விமான நிலையம் அது. தோட்டம் போனபிறகு எங்கள் ஆட்கள் பலர் அங்கேயே பெட்டி தூக்கவும் தரை கூட்டவும் போய்ச் சேர்ந்தார்கள். கம்பெனி பெயரைச் சொல்ல மாட்டேன். கருத்துப் பெட்டியில் ஊகிக்கவும் வேண்டாம்.

ஓர் இரவு ஷிஃப்ட். மழை விட்டும் விடாத நேரம். பெல்ட் லோடரை (பெட்டிகளை மேலே ஏற்றும் பட்டை வண்டி) பின்பக்கச் சரக்குக் கதவுக்கு ஓட்டி வந்தவர் காப்பாரைச் சேர்ந்த ஓர் அண்ணன். எனக்கு அந்த வேலையைச் சொல்லிக் கொடுத்தவரே அவர்தான். பிரேக் பிடித்தும் ஈரத்தில் வண்டி வழுக்கி, முன்பக்க பம்பர் விமானத்தின் உடம்பில் இடித்தது. பெரிய சத்தம்கூட இல்லை. டார்ச் அடித்துப் பார்த்தோம். உள்ளங்கை அகலத்துக்குக் கறுப்பாக ஒரு தேய்ப்பு, துணியால் துடைத்தால் போய்விடும் போலிருந்தது. லீடர் வந்து பார்த்துவிட்டு, "தொடச்சி விடுலா, ஒண்ணும் ஆகல" என்றார்.

அது கார்பன் நாரால் செய்த உடம்பு. அலுமினியம் என்றால் நசுங்கியது கண்ணுக்குத் தெரியும். கார்பனில் வெளியே பெயின்ட் தேய்ந்த மாதிரி மட்டும் இருக்கும், உள்ளே அடுக்குகள் ஒன்றைவிட்டு ஒன்று பிரிந்திருக்கலாம். அண்ணனுக்கு இந்த விவரமெல்லாம் தெரியாது. ஆனாலும் அவர் துடைக்கவில்லை. நேராக என்ஜினியரிடம் போய், "பாஸ், நான் இடிச்சிட்டேன், வந்து பாருங்க" என்றார். என்ஜினியர் ஏணியில் ஏறி, பாக்கெட்டிலிருந்து ஒரு காசை எடுத்து அந்தத் தேய்ப்பைச் சுற்றித் தட்டிக்கொண்டே வந்தார். டக், டக், டக் என்று வந்த சத்தம் ஓர் இடத்தில் மட்டும் செத்துப்போய்க் கேட்டது. மறுபடி தட்டினார். மறுபடி அதே சத்தம். ஒன்றும் பேசாமல் இறங்கி வந்து ரேடியோவை எடுத்தார். அன்று அந்த விமானம் பறக்கவில்லை.

மறுவாரம் அண்ணனுக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது, அலவன்ஸும் வெட்டு. துடைக்கச் சொன்ன லீடருக்கு ஒன்றும் இல்லை. அப்புறம் எங்கள் பகுதியில் எதுவுமே இடிபடவில்லை. அதாவது, இடித்ததை யாரும் சொல்லவில்லை. கொஞ்ச காலத்தில் கேன்டீன் சுவரில் விபத்தில்லாத நாட்களின் எண்ணிக்கையைக் காட்டும் பலகை ஒன்றை மாட்டினார்கள். எண் ஏற ஏற மேனேஜர் கேக் வெட்டினார், நாங்களும் தின்றோம்.

அந்தச் சமயத்தில்தான் நான் மாலை வகுப்பில் சேர்ந்தேன். எங்கள் விரிவுரையாளர் முன்பு கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் வேலை பார்த்தவர். பலகைக் கதையைச் சொன்னதும், "அந்த எண் ஏறுகிற கம்பெனி தொடுகிற விமானத்தில் நான் ஏற மாட்டேன்" என்றார். ஆயிரக்கணக்கான பேர் இரவு பகலாக வேலை செய்யும் இடத்தில் சின்னத் தவறுகள் நடக்காமல் இருக்காது. அவை காகிதத்தில் வராமல் இருக்கிறது என்றால், பெரிதாக ஒன்று வரும்வரை யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை என்று பொருள். ஜேம்ஸ் ரீசன் என்ற உளவியலாளர் இதைத்தான் ஓட்டை ஓட்டையான சீஸ் துண்டுகளாக வரைந்து காட்டினார். ஒவ்வொரு தடுப்பிலும் ஓட்டை உண்டு, எல்லா ஓட்டையும் ஒரே நேர்கோட்டில் வரும் நாளில்தான் விபத்து. கடைசித் துண்டில் நிற்பவனை மட்டும் பிடித்துத் தண்டித்தால் முன்னால் இருக்கும் ஓட்டைகள் அப்படியே இருக்கும்.

இங்கே யாராவது வந்து "எங்கள் கம்பெனியில் அப்படியெல்லாம் இல்லை" என்பீர்கள். சரி, சந்தோஷம். நான் எல்லாரையும் சொல்லவில்லை. தண்டனையே கூடாது என்றும் சொல்லவில்லை. குடித்துவிட்டு வண்டி ஓட்டியவனும் மழையில் வழுக்கியவனும் ஒன்றல்ல. அந்த இரண்டுக்கும் நடுவில் கோடு போடுவதற்குத்தான் ஜஸ்ட் கல்ச்சர் என்று தனிப்பாடமே இருக்கிறது. தெரியாமல் செய்ததைச் சொன்னவனுக்குப் பாதுகாப்பு, தெரிந்தே விதியை மிதித்தவனுக்கு நடவடிக்கை. சொல்வது சுலபம், கோட்டை எங்கே போடுவது என்று உட்கார்ந்து பார்த்தால் தலை சுற்றும்.

படிப்பில் என்ன இருக்கும் என்று கேட்டிருந்தீர்கள். ஐ.நா.வின் கீழ் இருக்கும் சர்வதேச விமானப் போக்குவரத்து அமைப்பான ஐகாவோ, பாதுகாப்பு மேலாண்மைக்கென்றே அனெக்ஸ் 19 என்ற தனித் தொகுப்பைக் கொண்டுவந்தது. 2013 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. விமான நிறுவனம், பராமரிப்பு நிலையம், வான்போக்குவரத்துக் கட்டுப்பாடு, சான்று பெற்ற விமான நிலையம் எல்லாவற்றுக்கும் ஒரு பாதுகாப்பு மேலாண்மை அமைப்பு கட்டாயம். அதற்கு நான்கு தூண்கள்: கொள்கை, இடர் மேலாண்மை, உறுதிப்பாடு, ஊக்குவிப்பு. இதை மனப்பாடம் செய்தால் பரீட்சை பாஸ். அப்புறம் இடர் அட்டவணை. எவ்வளவு அடிக்கடி நடக்கும் என்பதற்கு 1 முதல் 5, நடந்தால் எவ்வளவு மோசம் என்பதற்கு ஏ (A) முதல் ஈ (E). 5ஏ, அதாவது அடிக்கடி நடக்கும், நடந்தால் மிக மோசம் என்று வந்தால் வேலையை நிறுத்து. வேலை இடத்தில் என்ன நடக்கும் என்றால், எதைப் போட்டாலும் கவனத்தோடு தொடரலாம் என்கிற மஞ்சள் கட்டத்தில் விழுகிற மாதிரி மேலே இருப்பவர் எண்ணை மாற்றச் சொல்வார். அங்கே மாற்ற மாட்டேன் என்று சொல்வதற்குத்தான் சம்பளம்.

ஒரு விஷயம் கவனியுங்கள். அந்தக் கட்டாயப் பட்டியலில் தரைச்சேவைக் கம்பெனிகள் இல்லை. நம் ஆட்கள் அதிகம் இருக்கும் இடமே அதுதான். விமான நிறுவனத்தின் ஒப்பந்தம் வழியாகவும் விமான நிறுவனங்களின் சங்கமான ஐயாட்டாவின் தணிக்கை வழியாகவும்தான் அங்கே இந்த ஒழுங்கெல்லாம் வந்து சேரும்.

மாமா சொன்ன "பிளேன் விழாம" என்பதற்கு நம் ஊர்ப் பாடங்கள் இரண்டு இருக்கின்றன. 1977 செப்டம்பர் 27 அன்று, அப்போதைய கோலாலம்பூர் விமான நிலையமான சுபாங்கில் இறங்க வந்த ஜப்பான் ஏர்லைன்ஸ் டி.சி.-8 விமானம் எல்மினா தோட்டத்துக் குன்றில் மோதியது. 79 பேரில் 34 பேர் இறந்தார்கள். மோசமான வானிலையில், ஓடுபாதை கண்ணில் படாமலேயே குறைந்தபட்ச உயரத்துக்குக் கீழே இறங்கியிருந்தார்கள். 1989 பிப்ரவரி 19 அன்று சிங்கப்பூரிலிருந்து வந்த ஃபிளையிங் டைகர் 747 சரக்கு விமானமும் சுபாங்கை நெருங்கும்போது குன்றில் மோதி நால்வர் இறந்தார்கள். 2400 அடிக்கு இறங்கு என்று கோபுரம் சொன்னது அவர்கள் காதில் 400 அடி என்று விழுந்தது. தரை நெருங்குகிறது என்று எச்சரிக்கைக் கருவி கத்தியும் யாரும் கேட்கவில்லை.

அதே 1977-ல், மார்ச் 27 அன்று ஸ்பெயினின் டெனரீஃப் தீவில் இரண்டு ஜம்போக்கள் ஓடுபாதையிலேயே மோதி 583 பேர் இறந்தார்கள். கே.எல்.எம். விமானம் ஓடத் தொடங்கியபோது, முன்னால் இருக்கும் விமானம் இன்னும் விலகவில்லையா என்று அதன் ஃபிளைட் என்ஜினியர் சந்தேகத்தோடு கேட்டார். விலகிவிட்டது என்று கேப்டன் அடித்துச் சொல்லிவிட்டார். அந்த என்ஜினியர் அதற்குமேல் பேசவில்லை. மூத்த கேப்டனை இரண்டாம் முறை எப்படிக் கேட்பது? வகுப்பில் அந்த விமானி அறை ஒலிப்பதிவின் எழுத்து வடிவத்தைப் படித்தபோது எனக்குப் பெரட்டில் நின்ற அம்மாதான் ஞாபகம் வந்தார். அந்த விபத்துக்குப் பிறகுதான் விமானி அறையில் இளையவர் மூத்தவரை எதிர்த்துக் கேட்கப் பயிற்சி கொடுப்பது பெரிதாக வளர்ந்தது.

கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், தாங்கிக்கொள்ளுங்கள். எங்கள் ஊரில் ஆண்டுதோறும் கல்வி விருது விழா. மருத்துவம், சட்டம் கிடைத்த பிள்ளைகளுக்கு மேடை, மாலை, ஒய்.பி.யோடு (மக்கள் பிரதிநிதி) படம். டிப்ளோமா பிள்ளைகளுக்குக் கீழே ஒரு மேசையில் உறையை வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகச் சொல்வார்கள். வெல்டிங் படித்த பையனும் நானும் அந்த மேசை முன் நின்றோம். உறையில் இருந்தது ஐம்பது ரிங்கிட். பணம் சின்னதோ பெரியதோ, கவலையில்லை. பெயரையாவது மைக்கில் வாசித்திருக்கலாம். நமக்கு நாமே இப்படிப் படிகள் கட்டி வைத்துக்கொண்டு அப்புறம் பிள்ளைகள் படிக்கவில்லை என்று கூட்டம் போட்டுப் பேசுகிறோம்.

சரி, வேலை. படித்து முடித்த கையோடு பாதுகாப்புப் பிரிவில் நாற்காலி கிடைக்கும் என்று நினைக்காதீர்கள். விமானத்தின் அடியில் நின்று பார்க்காதவன் எழுதும் அறிக்கையை யாரும் மதிக்க மாட்டார்கள். ராம்ப் (விமானம் நிற்கும் தளம்), செக்-இன், பராமரிப்பு, ஓடுபாதைச் சோதனை, எங்கே முதல் வேலை கிடைத்தாலும் போங்கள். ஓடுபாதைப் பக்கம் போனால் தோட்டத்து அறிவும் கை கொடுக்கும். எலி பிடிக்க நாம் பெட்டி வைத்து வளர்க்கிற ஆந்தை அங்கே தலைவலி. புல் எவ்வளவு உயரம், தண்ணீர் எங்கே தேங்குகிறது, பறவைகள் எதற்கு வருகின்றன என்று பார்ப்பதே ஒரு பிரிவின் முழுநேர வேலை.

ஆள் தேவை இல்லாமல் இல்லை. 2019 நவம்பரில் அமெரிக்க விமானத்துறை ஆணையமான எஃப்.ஏ.ஏ., மலேசியாவைப் பாதுகாப்பு மேற்பார்வைத் தரத்தில் இரண்டாம் நிலைக்கு இறக்கியது. குறை சொன்னது விமான நிறுவனங்களை அல்ல, மேற்பார்வை செய்யும் அரசு அமைப்பை. மறுபடி முதல் நிலைக்கு வர 2022 அக்டோபர் ஆயிற்று. அந்தக் காலத்தில் ஆவணம் படிக்கத் தெரிந்தவர்களுக்கும் தணிக்கை செய்யத் தெரிந்தவர்களுக்கும் எவ்வளவு மதிப்பு என்று நேரில் பார்த்தேன்.

விமானத்துறை படுத்தால் என்ன செய்வது என்ற பயமும் நியாயம்தான். கோவிட் சமயத்தில் நானே தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு தொழிற்சாலையில் இருந்தேன். அதனால் சொல்கிறேன்: முடிந்தால் தொழிலிடப் பாதுகாப்பு அதிகாரிக்கான பயிற்சியையும் பிறகு எடுத்துக்கொள்ளுங்கள். 1994-ஆம் ஆண்டுத் தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின் கீழ் வருவது, பாங்கியில் நியோஷ் என்ற தேசியக் கழகம் நடத்துகிறது. அது ஊழியரின் கை கால் பற்றியது, நம் படிப்பு பறக்கிற விமானத்தைப் பற்றியது. இரண்டும் தெரிந்தவருக்கு வேலைக்குப் பஞ்சம் வராது.

பணம் கட்டும் முன் அந்த டிப்ளோமா, படிப்புகளுக்கு அங்கீகாரம் தரும் எம்.கியூ.ஏ. பதிவில் இருக்கிறதா என்று அவர்கள் இணையதளத்திலேயே பாருங்கள். கல்லூரி ஏஜென்ட் வாட்ஸ்அப்பில் அனுப்பும் படத்தை நம்ப வேண்டாம். அங்கீகாரம் இல்லாவிட்டால் பி.டி.பி.டி.என். என்ற அரசுக் கல்விக் கடனும் கிடைக்காது. சேர்க்கை நாளன்று, இடர் மேலாண்மைப் பாடத்தை எடுப்பவர் முன்பு எங்கே வேலை பார்த்தார் என்று கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கினால் வேறு கல்லூரி பாருங்கள்.