வாசகர் கேள்வி பதில்: ஜெபித்துப் புறப்பட்ட வண்டி ஏன் நின்றது?

இந்த மாதம் வந்த கடிதங்களில் மூன்று, குடும்பப் பயணத்தின் நடுவே வண்டி பழுதாகி நின்றதைப் பற்றியவை. மூன்றையும் ஒன்றாக எடுத்துக்கொள்கிறேன். முதல் கடிதத்துக்குச் சற்று விரிவாகவே பதில் எழுதியிருக்கிறேன். அது கேட்டிருக்கும் கேள்வி அப்படிப்பட்டது.

கேள்வி: ஐயா அவர்களுக்கு ஸ்தோத்திரம். என் மாமியார் நீண்ட நாள் நோயிலிருந்து மீண்டதற்காக உறவினர் எல்லோரும் கூடி ஏற்பாடு செய்திருந்த ஸ்தோத்திரக் கூட்டத்துக்கு, சென்ற விடுமுறையில் குடும்பமாகக் காரில் புறப்பட்டோம். வாசலில் நின்று ஜெபித்துவிட்டுத்தான் வண்டியை எடுத்தோம். மலைப்பாதையில் ஏறும்போது வெப்பமானியின் முள் மேலே போயிற்று; சிறிது நேரத்தில் பானெட்டின் இடுக்கு வழியாக ஆவி கிளம்பியது. ரேடியேட்டருக்குப் போகும் ரப்பர் குழாய் பிளந்துவிட்டிருந்தது. நான்கரை மணி நேரம் சாலையோரத்தில் கிடந்தோம். முதல் ஒரு மணி நேரம் நானும் என் கணவரும் ஒருவரையொருவர் குறைகூறிக்கொண்டே இருந்தோம். குழாயை மாற்றிவிடும்படி மெக்கானிக் முன்பே சொல்லியிருந்ததையும், பயணச் செலவை நினைத்துத் தாம் அதைத் தள்ளிப்போட்டதையும் பிறகு என் கணவர் எல்லோர் முன்னிலையிலும் ஒத்துக்கொண்டார். மாமியார் ஒரு கல்லின்மேல் உட்கார்ந்து பாடத் தொடங்கினார், பிள்ளைகளும் சேர்ந்துகொண்டார்கள். கடைசியில் ஒரு லாரி ஓட்டுநர் வண்டியை நிறுத்தி, குழாயின் பிளந்த முனையை இரண்டு விரற்கடை அளவுக்கு வெட்டியெறிந்துவிட்டு, மீதியை இழுத்துப் பொருத்தி, கிளாம்பை முறுக்கி, தம்மிடமிருந்த தண்ணீரை ஊற்றி எங்களை அனுப்பிவைத்தார். பணம் வாங்க மறுத்துவிட்டார். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது கூட்டம் முடிந்திருந்தது. "அந்த மனுஷனை ஆண்டவர்தான் அனுப்பினார்" என்றார் மாமியார். அதற்குப் பதினைந்து வயது மகன், "லாரியை அனுப்பத் தெரிந்தவருக்கு அந்தக் குழாயைக் காப்பாற்றத் தெரியாதா?" என்று கேட்டான். அவனுக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பயணத்துக்குப் பிறகு எங்கள் குடும்ப ஜெபம் முன்பைவிட உண்மையாக இருக்கிறது. இது விசுவாசம் வளர்ந்ததன் அடையாளமா, அல்லது ஆபத்திலிருந்து தப்பிய நிம்மதியைத்தான் விசுவாசம் என்று நினைத்துக்கொள்கிறோமா?

பதில்: அன்புச் சகோதரி, உங்கள் மகனிடமிருந்து தொடங்குகிறேன். அவன் கேட்டது அவிசுவாசம் அல்ல. கடவுளைப் பற்றி அக்கறையில்லாத பிள்ளைக்கு இப்படிக் கேட்கவே தோன்றாது. "அப்படியெல்லாம் கேட்கக்கூடாது" என்று நீங்கள் அவன் வாயை அடைக்காமல், பதில் தெரியவில்லை என்பதால் பேசாமல் இருந்தீர்களே, அதற்காக முதலில் நன்றி சொல்கிறேன்.

உங்களுக்குப் பாடம் கற்பிப்பதற்காக ஆண்டவரே குழாயைப் பிளந்தார் என்று மட்டும் அவனிடம் சொல்லிவிடாதீர்கள். நல்லெண்ணத்தோடு பலர் அப்படிச் சொல்வதை நான் கேட்டிருக்கிறேன். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. கொதிக்கும் நீரும் அழுத்தமும் ஆண்டுக்கணக்கில் உள்ளேயிருந்து தாக்க, எஞ்சினின் வெப்பம் வெளியேயிருந்து தாக்க, ரப்பர் தன் நெகிழ்ச்சியை இழந்து வெடிப்புவிடும். கிளாம்ப் இறுக்கும் விளிம்பில்தான் பெரும்பாலும் முதல் கீறல் விழும். சமதளத்தில் இன்னும் சில நாள் தாங்கியிருக்கக்கூடிய குழாய், முழுப் பாரத்தோடு மலையேறும்போது தாங்கவில்லை. இதைக் கண்டு சொல்லத்தான் ஒரு மனிதர் இருந்தார். அவர் சொல்லவும் சொன்னார். காப்பாற்றும் வழி ஏற்கெனவே வந்து கதவைத் தட்டியிருந்தது என்று உங்கள் மகனிடம் தயங்காமல் சொல்லலாம். ஆனால் அதை அவன் தந்தையைக் குத்திக்காட்டும் விதமாகச் சொல்லாதீர்கள். அவர் தம் பங்கை ஏற்கெனவே செய்து முடித்துவிட்டார்.

அவனோடு உட்கார்ந்து அப்போஸ்தலருடைய நடபடிகள் 27-ஆம் அதிகாரத்தை ஒரே மூச்சில் வாசித்துப் பாருங்கள். அதுவும் பாதிவழியில் நின்றுபோன ஒரு பயணத்தின் கதைதான். கடற்பயணத்துக்கு ஆகாத பருவம் வந்துவிட்டது, இப்போது போனால் சேதம் வரும் என்று, கைதியாகக் கப்பலில் கொண்டுபோகப்படும் அப்போஸ்தலர் பவுல் முன்கூட்டியே எச்சரிக்கிறார். காவலுக்கு வந்த ரோமப் படை அதிகாரியான நூற்றுக்கு அதிபதியோ அவர் பேச்சைவிட மாலுமியின் பேச்சையும் கப்பல் எஜமானின் பேச்சையுமே அதிகமாக நம்பிக் கப்பலைப் புறப்படச் செய்கிறான். யூரோக்கிலிதோன் என்னும் கடுங்காற்று வந்து மோதுகிறது. பதினான்காம் இரவில் கப்பலின் பின்பக்கத்திலிருந்து நான்கு நங்கூரங்களை இறக்கிவிட்டு, பொழுது விடியக் காத்திருக்கிறார்கள். கப்பலில் 276 பேர். உயிர்ச்சேதம் ஏற்படாது, கப்பல் மட்டும் சேதமாகும் என்று பவுலுக்கு வாக்கு கிடைத்திருக்கிறது. என்றாலும் மாலுமிகள் படகில் நழுவப் பார்க்கும்போது, இவர்கள் கப்பலில் இல்லாவிட்டால் நீங்கள் தப்பமுடியாது என்று போர்ச்சேவகரை எச்சரிப்பவரும் அவரே. வாக்கைப் பெற்ற மனிதர் மாலுமிகளின் கைத்திறன் தேவையில்லை என்று நினைக்கவில்லை.

அந்த விடியற்காலையில் அவர் செய்த காரியம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. பதினான்கு நாளாகச் சரியாகச் சாப்பிடாமல் பயத்தோடு இருந்தவர்கள் நடுவில் அப்பத்தை எடுத்து, எல்லோருக்கும் முன்பாக நன்றி சொல்லி, பிட்டு, தாமே முதலில் சாப்பிடுகிறார். அதைப் பார்த்து மற்றவர்களும் தைரியமடைந்து சாப்பிடுகிறார்கள். புயல் அப்போதும் ஓயவில்லை; கப்பலும் பிழைக்கவில்லை. நீந்தத் தெரிந்தவர்கள் நீந்தியும், மற்றவர்கள் பலகைகளைப் பற்றிக்கொண்டும், இன்று மால்டா என்று நாம் அழைக்கும் மெலித்தா தீவில் கரையேறுகிறார்கள். மழையும் குளிருமாக இருந்ததால், முன்பின் தெரியாத தீவுக்காரர்கள் நெருப்பு மூட்டி அவர்களைச் சேர்த்துக்கொள்கிறார்கள். நன்றி சொன்னதால் புயல் நின்றது என்று அந்த அதிகாரம் எங்கும் சொல்லவில்லை. ஆனால் நன்றி சொன்ன அந்த நிமிடத்தில் கப்பலில் இருந்தவர்கள் மாறினார்கள். உங்கள் மாமியார் கல்லின்மேல் உட்கார்ந்து பாடத் தொடங்கியபோது குழாய் ஒட்டிக்கொள்ளவில்லை. லாரியும் உடனே வந்துவிடவில்லை. பிள்ளைகள்தான் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்கள்.

இனி, நீங்கள் ஒரே வரியில் கடந்து சென்ற இடத்துக்கு வருகிறேன். உங்கள் கணவர் தம் தவறை எல்லோர் முன்னிலையிலும் ஒத்துக்கொண்டதாக எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியை நான் மூன்று முறை வாசித்தேன். வண்டி நின்றுவிட்டது, கூட்டத்துக்கு நேரமாகிறது, தாயும் மனைவியும் பிள்ளைகளும் எதிரே நிற்கிறார்கள். அந்த நிலையில் ஒரு குடும்பத்தலைவனுக்கு எளிதாக வருவது கோபம்தான். குழாய் விற்றவனையும் சாலையையும் வெயிலையும் திட்டியிருக்கலாம், மெக்கானிக் சொன்னதை யாருக்கும் சொல்லாமல் மறைத்திருக்கலாம். நம் பிழை வெளிப்பட்டாலும் நாம் தள்ளப்படமாட்டோம் என்ற உறுதி உள்ளே இருக்கிறவரால்தான் "என் தவறு" என்று தானாக முன்வந்து சொல்லமுடியும். நீங்கள் தேடும் விசுவாசத்தை நான் அங்கே காண்கிறேன். லாரி வருமுன்பே அது வந்துவிட்டது. லாரி வராமலே போயிருந்தாலும் அது அங்கே இருந்திருக்கும். ஆகவே தப்பிய நிம்மதியை விசுவாசமென்று எண்ணி ஏமாறுகிறோமோ என்ற உங்கள் அச்சத்துக்கு இடமில்லை. நிம்மதி சில நாளில் கரைந்துவிடும். உங்கள் வீட்டு ஜெபத்தில் இப்போது இருக்கும் உண்மை, அன்று சாலையோரத்தில் ஒருவர் மறைக்காமல் பேசியதிலிருந்து வந்தது என்றே நினைக்கிறேன். மகனிடமும் இதைச் சொல்லுங்கள். தந்தை மன்னிப்புக் கேட்பதை அவன் கண்ணால் கண்டிருக்கிறான். அவன் கேள்விக்கு என் பதிலைவிட அது பெரிய பதில்.

இன்னும் ஒன்று உண்டு, கொஞ்சம் கடினமானது. இந்த அனுபவத்தைச் சபையில் சாட்சியாகச் சொல்ல உங்களுக்கு ஆவல் இருக்கலாம், தாராளமாகச் சொல்லுங்கள். ஆனால் "நாங்கள் ஜெபித்ததால் காப்பாற்றப்பட்டோம்" என்று முடிக்காதீர்கள். உங்களைப்போலவே ஜெபித்துப் புறப்பட்டு, சாலையில் ஒருவரைப் பறிகொடுத்துவிட்டு வந்தவர் அதே ஆராதனையில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கக்கூடும். அவருடைய ஜெபம் உங்கள் ஜெபத்தைவிடக் குறைந்ததல்ல. உதவி கிடைத்தது, ஒருவரையொருவர் மன்னித்தோம், நன்றி சொல்கிறோம் என்ற அளவில் நிறுத்துங்கள். அந்த லாரி ஓட்டுநருக்காகவும் வீட்டில் ஜெபியுங்கள். பெயர் தெரியாவிட்டாலும் பரவாயில்லை.

கேள்வி: எங்கள் வீட்டில், ஜெபித்துவிட்டுப் புறப்பட்டால் போதும், வண்டியை அங்குலம் அங்குலமாகச் சோதிப்பது நம்பிக்கைக் குறைவு என்கிறார்கள். ஒருமுறை எஞ்சின் சூடேறி நின்றுபோன பிறகும் அதே பேச்சுதான். நான் என்ன செய்வது?

பதில்: சகோதரரே, சோதியுங்கள். உங்களை நம்பி ஏறி உட்காருகிறவர்களின் உயிர்மேல் நீங்கள் வைத்திருக்கும் அன்பு அது. ஜெபத்துக்கு அது எதிரி ஆகாது. ஒட்டகத்தைக் கட்டிவிட்டு இறைவன்மேல் நம்பிக்கை வை என்ற நபிமொழி இஸ்லாமியச் சகோதரர்களிடையே பெயர்பெற்றது. நம் வீடுகளிலும் அதைச் சொல்லிக்கொள்ளலாம்.

புறப்படுவதற்கு முந்தின மாலை, எஞ்சின் நன்றாகக் குளிர்ந்திருக்கும்போது, கூலண்ட் தொட்டியில் திரவம் குறைந்தபட்சக் கோட்டுக்கும் அதிகபட்சக் கோட்டுக்கும் நடுவே நிற்கிறதா என்று பாருங்கள். அடிக்கடி குறைகிறது என்றால் எங்கோ கசிகிறது என்று பொருள். நிரப்பிவிட்டுத் திருப்தியடையாமல் கசிவைத் தேடுங்கள். ரப்பர் குழாய்களை விரலால் அழுத்திப் பாருங்கள். ஓரிடத்தில் மட்டும் கொழகொழவென்று அமுங்கினாலும், கல்லாக இறுகியிருந்தாலும், கிளாம்புக்கு அருகே புடைத்திருந்தாலும் மாற்றிவிடுங்கள். பெல்ட்டில் வெடிப்பு, டயர்களில் காற்று, மாற்று டயரிலும் காற்று, ஜாக்கி, எச்சரிக்கை முக்கோணம், குடிநீர் ஆகியவற்றைப் பார்க்க அரைமணி நேரம்கூட ஆகாது. பிள்ளைகளையும் உடன் வைத்துக்கொள்ளுங்கள்.

வழியில் வெப்பமுள் ஏறினால் ஏசியை உடனே நிறுத்துங்கள். வண்டியில் ஹீட்டர் இருந்தால் அதை முழுவேகத்தில் வையுங்கள். எஞ்சினின் வெப்பத்தில் ஒரு பகுதியை அது வெளியேற்றிவிடும். பாதுகாப்பான முதல் ஓரத்தில் நிறுத்தி எஞ்சினை அணைத்துவிடுங்கள். இன்னும் கொஞ்ச தூரம்தானே என்று ஓட்டினால் சிலிண்டர் ஹெட் வளைந்து, குழாய்ச் செலவு எஞ்சின் செலவாக மாறிவிடும். எல்லோரையும் இறக்கி, தடுப்புக்கு அப்பால், வண்டிகள் வந்து மோத முடியாத இடத்தில் நிற்கவையுங்கள்.

ரேடியேட்டர் மூடியை மட்டும் சூட்டோடு திறந்துவிடாதீர்கள். மூடிக்குள் இருக்கும் அழுத்தத்தால் அங்கே தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்காமல் சுமார் 120 டிகிரிவரை திரவமாகவே நிற்கும். மூடி தளர்ந்த நொடியில் அழுத்தம் போய்விடுவதால் அது அப்படியே ஆவியாகப் பீறிட்டு முகத்திலும் கையிலும் அடிக்கும். குறைந்தது அரைமணி நேரமாவது ஆறவிடுங்கள். கொதிக்கும் எஞ்சினில் குளிர்ந்த நீரையும் ஊற்றாதீர்கள்; உலோகம் வெடிப்புவிடும். அந்த அரைமணி நேரத்தில் ஜெபியுங்கள். அதற்கு மிகவும் பொருத்தமான நேரம் அது.

கேள்வி: பாதி வழியில் வண்டி நின்றதை, "இந்தப் பயணம் வேண்டாம்" என்று தேவன் தரும் அடையாளமாக எடுத்துக்கொண்டு வீடு திரும்பிவிட்டோம். இப்போது, அவசரப்பட்டுவிட்டோமோ என்று மனம் உறுத்துகிறது. தடை வந்தால் திரும்புவதா, தொடர்வதா?

பதில்: நீங்கள் திரும்பியதில் தவறில்லை. ஆனால் வண்டி நின்றதையே அடையாளமாகக் கொண்டால், ஒவ்வொரு பஞ்சருக்கும் பொருள் தேட வேண்டிவரும். அந்தப் பாரத்தைத் தேவன் யார் தலையிலும் வைக்கவில்லை. எங்கள் பிள்ளைகள் சிறியவர்களாக இருந்தபோது, ஓர் இரவுப் பயணத்தில் எங்கள் காரின் பெல்ட் அறுந்தது. பேட்டரிக்கு மின்சாரம் ஏறாமல் முகப்பு விளக்குகள் மஞ்சளாகி, மங்கி, அடுத்த வளைவே தெரியாமல் போனது. அதே நேரத்தில் இளைய மகளுக்குக் காய்ச்சலும் ஏறிக்கொண்டிருந்தது. நானும் என் மனைவியும் ஜெபித்தோம். வானத்திலிருந்து குரல் எதுவும் வரவில்லை. குழந்தையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்து, இவளுக்கு இப்போது என்ன தேவை என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டோம். உதவிக்கு வந்த வண்டியில் ஏறி வீடு திரும்பினோம். அடுத்த ஆண்டு அதே இடத்துக்கு அதே காரில், புது பெல்ட்டோடு, போய்வந்தோம். உங்கள் பயணமும் இன்னும் காத்திருக்கிறது. பழுதை முழுமையாகச் சரிசெய்துவிட்டு, குடும்பத்தோடு உட்கார்ந்து புதிய நாளைக் குறியுங்கள்.