கடையில் பறக்கும் இணையதளம் வாடிக்கையாளர் போனில் ஏன் தவழ்கிறது?

கேள்வி: சின்னாளபட்டியில் சுங்குடிச் சேலை விற்கிறோம். தளம் அமைக்கும் வேர்ட்பிரஸ், அதில் கடை நடத்த உதவும் வூகாமர்ஸ் இரண்டையும் வைத்துச் செய்த இணையதளம் இருக்கிறது. கடையில் திறந்தால் உடனே வந்துவிடுகிறது. இன்ஸ்டாகிராமில் லிங்க் பார்த்து வருபவர்களோ "சுத்திக்கிட்டே இருக்கு, ஓபன் ஆகல" என்கிறார்கள். ஹோஸ்டிங் கம்பெனி பெரிய பிளானுக்கு மாறச் சொல்கிறது. டெவலப்பர் ஒருவர் சைட்டையே புதிதாகச் செய்ய 40,000 ரூபாய் கேட்கிறார். எதைச் செய்வது?

பதில்: இப்போதைக்கு இரண்டுக்கும் பணம் கொடுக்காதீர்கள். தாமதம் எந்த இடத்தில் ஆகிறது என்று பார்க்காமலே இருவரும் தீர்வு சொல்கிறார்கள்.

உங்கள் கடையில் வேகமாக வருவதற்குக் காரணம் எளிது. தினமும் நீங்கள் திறக்கும் தளம் என்பதால் அதன் படங்களும் எழுத்துருக்களும் உங்கள் பிரவுசரிலேயே சேமிக்கப்பட்டிருக்கும். போதாததற்கு வைஃபை. புதிதாக வருபவருக்கு இரண்டும் கிடையாது. இன்ஸ்டாகிராமில் லிங்க்கைத் தொட்டால் பெரும்பாலும் அந்த ஆப்புக்குள்ளேயே பக்கம் திறக்கும். ஆண்ட்ராய்டில் அதே ஆள் முன்பு குரோமில் உங்கள் தளத்தைப் பார்த்திருந்தாலும், அங்கே சேமித்தது இங்கே உதவாது. அவரும் புது ஆள் மாதிரி எல்லாவற்றையும் மறுபடி இறக்கியாக வேண்டும்.

அதனால் வீட்டில் கிடக்கும் பழைய ஆண்ட்ராய்டு போனில் வைஃபையை அணைத்துவிட்டு, குரோமின் இன்காக்னிட்டோவில் (முன்பு சேமித்ததைப் பயன்படுத்தாத தனி ஜன்னல்) உங்கள் தளத்தைத் திறந்து பாருங்கள். வாடிக்கையாளர் பார்ப்பது அதைத்தான். அப்புறம் கூகுளின் இலவசக் கருவியான பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸில் முகப்புப் பக்கத்தையும் ஒரு சேலையின் பக்கத்தையும் தனித்தனியாகக் கொடுத்து, மொபைல் பகுதியைப் பாருங்கள். மேலே நிஜப் பயனர்களின் 28 நாள் கணக்கு வர வேண்டும். கூட்டம் குறைவான தளங்களுக்கு அது வராது, கவலை வேண்டாம். கீழே இருப்பது நடுத்தர போன், வேகம் குறைந்த 4ஜி என்று பாவித்துச் செய்த சோதனை. 100-க்கு இத்தனை என்று வட்டத்துக்குள் வரும் மதிப்பெண் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் மாறும். அதன் பின்னால் ஓடாதீர்கள்.

நீங்கள் பார்க்க வேண்டியது இரண்டு எண்கள். ஒன்று, சர்வர் (உங்கள் தளம் இருக்கும் ஹோஸ்டிங் கம்பெனியின் கணினி) பதில் சொல்ல எடுக்கும் நேரம். இன்னொன்று எல்சிபி, அதாவது முதல் திரையில் தெரியும் மிகப் பெரிய படமோ எழுத்துப் பகுதியோ வந்து சேரும் நேரம். எல்சிபி 2.5 விநாடிக்குள் இருந்தால் நல்லது, 4 விநாடியைத் தாண்டினால் மோசம் என்பது கூகுள் வைத்திருக்கும் அளவு. சர்வர் அரை விநாடியில் பதில் சொல்லியும் எல்சிபி 12 விநாடி என்றால், பெரிய ஹோஸ்டிங் பிளானால் ஒரு பயனும் இல்லை. சர்வர் வாயைத் திறக்கவே 3 விநாடி ஆகிறதென்றால் மட்டும் அந்தக் கம்பெனி சொல்வதைக் காது கொடுத்துக் கேட்கலாம்.

சேலைக் கடை என்பதால் முதல் சந்தேகம் படங்கள் மேல்தான், அதிலும் முகப்பில் ஓடும் பேனர்கள் மேல். கேன்வாவில் செய்து பிஎன்ஜி கோப்பாக இறக்கி, அப்படியே ஏற்றியிருப்பீர்கள். லோகோ, கோட்டோவியம் போன்றவற்றுக்குப் பிஎன்ஜி சரி. ஒரு புள்ளியைக்கூட விடாமல் சேமிக்கும் வகை என்பதால் போட்டோவை அதில் வைத்தால் ஊதிப் பெருத்துவிடும். ஒரு பேனர் 3 எம்பி, ஸ்லைடரில் ஐந்து பேனர் என்று வைத்துக்கொள்வோம், 15 எம்பி ஆயிற்று. வாடிக்கையாளருக்கு 4 எம்பிபிஎஸ் வேகம் கிடைக்கிறதென்றால், அது மெகாபிட் கணக்கு. எட்டால் வகுத்தால் விநாடிக்கு அரை எம்பிதான் இறங்கும். பேனர்களுக்கு மட்டும் 30 விநாடி. ஸ்லைடரைத் தூக்கிவிட்டு, 150 கேபி அளவில் ஒரே ஒரு பேனர் வைத்தால் அரை விநாடிகூட ஆகாது. ஐந்தாவது பேனர் வரும்வரை யாரும் காத்திருந்து பார்ப்பதில்லை என்பது என் அபிப்பிராயம், அதனால் ஸ்லைடருக்காக வருத்தப்படத் தேவையில்லை.

வேர்ட்பிரஸ் தானாகவே ஒவ்வொரு படத்துக்கும் பல அளவுகளில் நகல் எடுத்து, திரைக்கு ஏற்றதை அனுப்புமே என்று கேட்கலாம். அனுப்பும். பேஜ் பில்டரில் (பக்கத்தை இழுத்து வைத்து அமைக்கும் கருவி) பேனரைப் பின்னணிப் படமாக வைத்திருந்தால் மட்டும் இந்த ஏற்பாடு பெரும்பாலும் வேலை செய்யாது, மூலக் கோப்பே முழுசாக இறங்கும்.

சேலைப் பட்டியலில் வரும் சின்னப் படங்களுக்கு 400 பிக்சல் அகலம் தாராளம். சேலையின் தனிப் பக்கத்தில் 1,000 முதல் 1,200 வரை போகலாம். 2010-இல் கூகுள் கொண்டுவந்த வெப்பி வடிவத்தில் மாற்றினால் அதே படம் ஜேபெக்கைவிட ஏறக்குறைய கால் பங்கு குறையும். வேர்ட்பிரஸ் 5.8 பதிப்பிலிருந்து அதை நேரடியாக ஏற்றலாம். ஸ்க்வூஷ் என்ற இலவசத் தளத்தில் சுருக்குவதற்கு முந்தைய படத்தையும் பிந்தைய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக் குறைக்கலாம்.

சுங்குடிக்கென்று ஒரு எச்சரிக்கை உண்டு. இப்படிச் சுருக்கும்போது வெப்பி நிறத் தகவலைப் பாதி நுணுக்கத்தில்தான் வைத்துக்கொள்ளும். பூப்போட்ட சேலைகளில் இது தெரியாது. கருஞ்சிவப்புத் துணியில் நெருக்கமாக விழுந்த வெள்ளைப் புள்ளிகளின் ஓரம் மட்டும் சாயம் கசிந்தாற்போலத் தெரியலாம். வாங்குபவர் பெரிதாக்கிப் பார்ப்பதே அந்தப் புள்ளியைத்தான். பெரிதாக்கும் படத்தை மட்டும் தரம் கூட்டிய ஜேபெக்காக வைத்து, தொட்டால்தான் இறங்கும்படி செய்யுங்கள்.

கீழே இருக்கும் படங்கள் உருட்டும்போது இறங்கட்டும். முதல் திரையில் இருக்கும் பேனரையும் அதே 'லேஸி லோடிங்' பட்டியலில் சேர்த்துவிடும் பிளகின்கள் (வேர்ட்பிரஸில் சேர்க்கும் கூடுதல் நிரல்கள்) உண்டு. பேனரை அந்தப் பட்டியலிலிருந்து விலக்கி வையுங்கள், இல்லையென்றால் எல்சிபி நேரம் அதிகரிக்கத்தான் செய்யும்.

படங்களுக்கு அடுத்து, வெளியிலிருந்து வந்து ஒட்டிக்கொண்டவை. சாட் பெட்டி, இன்ஸ்டாகிராம் ஃபீடு, யூடியூப் வீடியோ, விளம்பரம் பார்த்து வந்தவர்களைக் கணக்கெடுக்கும் 'பிக்சல்' எல்லாம் ஜாவாஸ்கிரிப்ட், அதாவது போனிலேயே ஓடும் நிரல்கள். படம் இறங்கினால் வேலை முடிந்தது. ஜாவாஸ்கிரிப்ட் இறங்கிய பிறகு போனின் பிராசஸர் அதை ஓட்டியாக வேண்டும், விலை குறைந்த போன் திணறுவது அங்கேதான். 'கார்ட்டில் சேர்' பட்டனைத் தொட்டும் அசையாமல் நிற்பது இதனால்தான். 2024 மார்ச்சிலிருந்து கூகுள், தொட்டதற்குப் பக்கம் அசைய எடுக்கும் இந்த நேரத்தையும் ஐஎன்பி என்ற பெயரில் அளக்கிறது, 200 மில்லி விநாடிக்குள் இருக்க வேண்டும். வாட்ஸ்அப் பட்டனுக்குப் பிளகினே தேவையில்லை, ஒரு சாதாரண லிங்க் போதும். வீடியோவுக்குப் பதில் அதன் படத்தை வைத்து, தொட்டால் ஓடும்படி செய்யலாம்.

தமிழ் எழுத்துரு விஷயத்தில் பலரும் தாராளமாக இருக்கிறார்கள். தலைப்புக்கு ஒன்று, உடலுக்கு ஒன்று, ஒவ்வொன்றிலும் மூன்று தடிமன் என்றால் ஆறு கோப்புகள். ஒன்றே போதும், இரண்டு தடிமன். எழுத்துரு வரும்வரை குரோம் 3 விநாடி வரை எழுத்தையே காட்டாமல் வைத்திருக்கும். 'ஃபான்ட் டிஸ்ப்ளே ஸ்வாப்' என்ற அமைப்பைப் போட்டால் போனில் இருக்கும் தமிழ் எழுத்திலேயே விலை உடனே தெரிந்துவிடும்.

இவ்வளவும் செய்த பிறகும் சர்வர் தாமதம் இருந்தால், சர்வர் எந்த ஊரில் இருக்கிறது என்று ஹோஸ்டிங் கம்பெனியிடம் கேளுங்கள். அமெரிக்கா என்றால் ஒரு தடவை போய்வரவே 200 மில்லி விநாடிக்கு மேல் ஆகும், பக்கம் வரத் தொடங்குமுன் அப்படி மூன்று நான்கு நடை உண்டு. அதே பிளானில் மும்பைக்கு மாற்றித் தரச் சொல்லுங்கள். கிளவுட்ஃபிளேரின் இலவச சேவை படங்களை வாடிக்கையாளருக்கு அருகிலுள்ள சர்வரிலிருந்து தரும், ஆனால் பக்கத்தின் எச்டிஎம்எல்லை (பக்கத்தின் மூலக் கோப்பு) தானாகச் சேமித்துத் தராது. அதற்குக் கேஷ் பிளகின் (தயாரான பக்கத்தைச் சேமித்துத் தருவது) ஒன்று போடுங்கள், ஒன்றே ஒன்று. கார்ட், செக்அவுட், மை அக்கவுண்ட் மூன்றும் அதிலிருந்து விலக்கப்பட்டிருக்கின்றனவா என்று கட்டாயம் பாருங்கள். தவறினால் ஒருவர் கார்ட் இன்னொருவருக்குத் தெரியும்.

கூகுள் தேடலில் மேலே வர வேகம் உதவுமா என்பது அடுத்த கேள்வியாக வரும். மொபைல் தேடலில் 2018 முதல் அதுவும் ஒரு கணக்குதான், பெரிய கணக்கு அல்ல. உங்களுக்கு முக்கியம், விளம்பரக் காசு கொடுத்து வரவழைத்தவர் சேலையைப் பார்க்காமலே திரும்புவது.

சரி, டெவலப்பர். மேலே சொன்னவற்றைச் செய்தும் எல்சிபி 4 விநாடிக்கு மேலேயே நின்றால் தீமோ (தளத்தின் தோற்ற அமைப்பு) பேஜ் பில்டரோதான் பாரம், அப்போது அவரைக் கூப்பிடுங்கள். சைட் முழுவதையும் கொடுக்காமல், முதலில் சேலையின் தனிப் பக்கத்தை மட்டும் இலகுவான தீமில் செய்து தரச் சொல்லுங்கள். "ஸ்பீடு 100 வரும்" என்ற வாக்குறுதி வேண்டாம். முகப்பு, சேலைப் பக்கம், செக்அவுட் மூன்றும் மொபைல் சோதனையில் 2.5 விநாடி எல்சிபிக்குள் வர வேண்டும், அதைப் பார்த்த பிறகே பாக்கித் தொகை என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.