மாலை வானம் பச்சையாகிவிடுகிறதா?

கேள்வி: ஆங்கில ஓவியர் அட்கின்சன் கிரிம்ஷாவின் இலையுதிர் கால மாலைக் காட்சி ஒன்றை எண்ணெய் வண்ணத்தில் நகல் எடுக்கிறேன். வானம் பொன்னிறமாக வராமல் அழுக்குப் பச்சையாகிறது. கிளைகளும் வெட்டி ஒட்டியதுபோல் நிற்கின்றன. எப்படிச் சரிசெய்வது?

பதில்: பச்சைக்குக் காரணம் பெரும்பாலும் ஐவரி பிளாக் என்ற கறுப்பு வண்ணம். வெள்ளையோடு சேரும்போது அது நீலச் சாயல் காட்டும். அதில் மஞ்சள் விழுந்தால் பச்சைதான். மஞ்சளைத் தணிக்க பர்ன்ட் அம்பர் என்ற அடர்பழுப்பு போதும்.

இங்கிலாந்தின் லீட்ஸ் நகரத்துக்காரரான கிரிம்ஷா (1836–1893) 1861இல் ரயில்வே குமாஸ்தா வேலையை விட்டு ஓவியத்துக்கு வந்தவர். உயரமான கல்மதில், ஈரச் சாலை, தனியே நடக்கும் பெண் என்ற அதே காட்சியைத் திரும்பத் திரும்ப வரைந்தார். ஒவ்வொன்றையும் தாங்கி நிற்பது வானத்தின் ஒளி. அந்த ஒளி வெளிறிய அடிப்பூச்சிலிருந்து, மேலே உள்ள மெல்லிய வண்ணத்தின் ஊடாக வர வேண்டும்.

அடிப்பூச்சுக்கு, டைட்டானியம் ஒயிட்டில் கொஞ்சம் நேப்பிள்ஸ் எல்லோ (வெளிர் மஞ்சள்) கலந்து, டர்பென்டைனில் மட்டும் இளக்கி, நீங்கள் விரும்புவதைவிட நன்றாக வெளிறியே பூசுங்கள். ஒரு வாரமாவது காயட்டும். விரலில் ஒட்டக் கூடாது. பிறகு ஸ்டாண்ட் ஆயில் (கெட்டியான ஆளிவிதை எண்ணெய்) ஒரு பங்கு, டர்பென்டைன் இரண்டு பங்கு சேர்த்து, இந்தியன் எல்லோவும் (பொன்மஞ்சள்) துளி பர்ன்ட் சியன்னாவும் (செம்பழுப்பு) கரைத்து, கிளேஸ் எனும் ஒளி ஊடுருவும் மெல்லிய பூச்சு கொடுங்கள். வெள்ளை சேர்ந்தால் பால் கலந்ததுபோல் மங்கிவிடும். அடிவானத்தருகே துணியால் ஒற்றி எடுங்கள், மேலே போகப் போக விட்டுவையுங்கள்.

கிளைகளை ஒரே மூச்சில் முடிக்க நினைப்பதுதான் தவறு. முதல் கிளேஸ் காய்ந்ததும், வான நிறத்தையே சற்று இருட்டாக்கித் தூரத்துச் சுள்ளிகளைப் போடுங்கள். அவற்றின் மேல் இரண்டாவது கிளேஸ் ஓடினால் வானத்தோடு இழைந்துவிடும். கிட்டத்து மரங்கள் அதற்குப் பிறகுதான். பர்ன்ட் அம்பரும் அல்ட்ராமரீன் நீலமும் கலந்து, மை பதத்துக்கு இளக்கி, ரிகர் பிரஷால் (நீண்ட மயிருள்ள மெல்லிய தூரிகை) தண்டிலிருந்து வெளிப்பக்கமாக இழுத்து, நுனியில் அழுத்தத்தை விடுங்கள். வானம் மிகப் பிரகாசமாக உள்ள இடத்தைக் கடக்கும் சுள்ளி செம்பழுப்பாக இருக்கட்டும். அங்கே கருங்கோடு போட்டால் ஒட்டுப்போட்டதுபோல் தெரியும்.

சாலைத் தடத்தில் தேங்கிய நீரின் ஒளி வானத்தைவிட ஒரு படி மங்கலாகவே இருக்கட்டும். சமமாகிவிட்டால் தரை மிதக்கும்.

இப்போதுள்ள வானத்தைத் தூக்கி எறிய வேண்டாம். நன்றாகக் காய்ந்திருந்தால் மெல்லிய பர்ன்ட் சியன்னா கிளேஸ் பச்சையை அமுக்கும், ஆனால் வானம் இருண்டுபோகும். ஏற்கெனவே இருட்டாக இருந்தால் மெல்லிய வெளிர் மஞ்சள் பூச்சு கொடுத்து, காயவிட்டு, கிளேஸிலிருந்து தொடங்குங்கள். வார்னிஷை ஆறு மாதம் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம்.