நுரையீரல் ஆபரேஷனுக்குப் பிறகு அப்பாவின் முகம் உப்பிவிட்டது, ஏன்?

கேள்வி: அப்பாவுக்கு 61 வயது. பழைய காசநோயால் கெட்டுப்போயிருந்த நுரையீரலின் மேல்பகுதியை மதுரையில் ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். நான்காம் நாள் கழுத்தும் முகமும் உப்பி, கண்ணே திறக்க முடியவில்லை. தொட்டால் நறநறவென்கிறது. ஒத்தடம் கொடுக்கலாமா? – வாசகி, உசிலம்பட்டி

பதில்: ஒத்தடம் வேண்டாம்மா, தைலமும் தேய்க்காதீர்கள். அது நீர் வீக்கம் இல்லை. தோலுக்கடியில் புகுந்த காற்று. பொரிப் பொட்டலத்தை அமுக்கினாற்போல் விரலுக்குத் தெரிகிறதே, அதுதான் அடையாளம். இமைத்தோல் தளர்வானது என்பதால் காற்று அங்கே சுலபமாகச் சேர்கிறது. பார்வைக்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது.

காசநோய்த் தழும்பேறிய நுரையீரலைத் தைத்த இடம் ஆறக் கொஞ்சம் நாளாகும். அதுவரை காற்று கசியும். அதை வெளியேற்றத்தான் விலாவில் டியூப். பஞ்சர் கடையில் சைக்கிள் டியூபைத் தண்ணீரில் அமுக்கிப் பார்ப்பார்களே, கட்டிலுக்குக் கீழே இருக்கும் பாட்டிலும் அதே வேலையைச் செய்கிறது. இருமும்போது குமிழி வந்தால் கசிவு இன்னும் இருக்கிறது. டியூப் மடங்கியோ அடைத்தோ போனால், அந்தக் காற்று தோலுக்கடியில்தான் வழி தேடும்.

அதனால் முதலில் டியூபைப் பாருங்கள். அப்பா அதன்மேல் படுத்திருக்கிறாரா, கட்டில் கம்பியில் நசுங்கியிருக்கிறதா? குழாயில் தண்ணீர் மட்டம் மூச்சோடு ஏறி இறங்காமல் நின்றுவிட்டால் உடனே நர்ஸிடம் சொல்லுங்கள். எக்ஸ்ரேவுக்குப் போகும்போது பாட்டில் நெஞ்சுக்குக் கீழேயே இருக்கட்டும். பாட்டிலைத் தூக்கிச் செல்ல வசதியென்று டியூபுக்கு கிளாம்ப் (டியூபை இறுக்கி அடைக்கும் கிளிப்) போட்டுவிடக் கூடாது. இருமலை அடக்க வேண்டாம். தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இருமச் சொல்லுங்கள்.

கசிவு 5 நாளைத் தாண்டினால் நீடித்த கசிவு என்போம். உறிஞ்சும் கருவியை இணைப்பது, இன்னொரு டியூப் போடுவது, காரை எலும்புக்குக் கீழே தோலில் சிறிதாகக் கீறிக் காற்றை வெளியே விடுவது என்று வழிகள் உண்டு. சிலருக்கு மறுபடியும் ஆபரேஷன் தேவைப்படும். ஆனால் பெரும்பாலோருக்குக் கசிவு நின்றதும் வீக்கம் தானே வற்றிவிடும்; சிலருக்கு ஓரிரு வாரம் ஆகும்.

குரல் மாறுவது, விழுங்கச் சிரமம், மூச்சுத்திணறல், உதடு நீலம் பூப்பது, இவற்றில் ஒன்று வந்தாலும் நள்ளிரவென்று பார்க்காமல் டூட்டி டாக்டரை எழுப்புங்கள். டிஸ்சார்ஜ் ஆகி ஊருக்கு வந்த பிறகு கழுத்து உப்பினால் காலை பஸ்ஸுக்குக் காத்திருக்கக் கூடாது. 108-ஐக் கூப்பிட்டு உடனே கிளம்பிவிடுங்கள்.